தூக்கத்தில் எழுந்து நடப்பது பேயா? மூளையா?

குற்றாலத்தில் சாரல் அடிக்கத் தொடங்கிவிட்டால் விடுதிகளில் இடம் கிடைப்பது கஷ்டம். ஜூன் முதல் ஆகஸ்டு வரை இதே கதைதான். பகல் எல்லாம் மெயின் அருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம் என்று குளியல். ராத்திரி ரெயிலில் கண் விழித்து வந்து தென்காசியில் இறங்கிய களைப்பு வேறு. இரவு சாப்பிட்டதும் குடும்பமே ஒரே அறையில் படுத்து உறங்கிவிடும்.

ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். திடீர் என்று ஒரு சிறுவன் வீறிட்டு அலறுவான். கண் திறந்திருக்கும், தாயை அடையாளம் தெரியாது. சில பிள்ளைகள் எழுந்து, கதவைத் திறந்துகொண்டு நடக்கவே தொடங்கிவிடும்.

"அருவிக்கரையில் எதையோ பார்த்துப் பயந்துவிட்டான்" என்பாள் பாட்டி. விபூதி பூசுவாள். அதனால் கெடுதல் இல்லை. பேய் ஓட்டுகிறேன் என்று பிள்ளையை அடிக்கிறவனிடம் கொண்டு போவதுதான் கொடுமை.

மூளையில் மின்சாரம்

நம் மூளையில் மிக மெல்லிய மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்கிறது. மனிதனின் மூளையில் எழும் இந்த மின்சார அலைகளை முதன் முதலில் பதிவு செய்தவர், ஹான்ஸ் பெர்கர் என்ற ஜெர்மன் டாக்டர். அது 1924-ம் ஆண்டு.

கண்ணை மூடிச் சும்மா இருக்கும்போது வினாடிக்கு 8 முதல் 13 அலைகள் எழும். ஆழ்ந்த தூக்கத்தில் 4-க்கும் குறைவு. ஆனால், ஒவ்வொரு அலையும் பெரியது. ஏன்?

விழித்திருக்கும்போது நரம்பணுக்கள் ஆளுக்கொரு வேலை பார்க்கின்றன. சந்தை இரைச்சல் மாதிரி. ஆழ்ந்த தூக்கத்திலோ, லட்சக்கணக்கான அணுக்கள் ஒன்றாக இயங்கி, ஒன்றாக ஓய்கின்றன. பஜனையில் எல்லோரும் சேர்ந்து கை தட்டுவதுபோல! மூளை சும்மா கிடக்கிறது என்று யார் சொன்னது? உடலை வளர்க்கும் சுரப்பு நீர்கூட இந்த நேரத்தில்தான் அதிகமாகச் சுரக்கிறது.

இந்தத் தூக்கம் பெரியவர்களைவிடப் பிள்ளைகளுக்கு அதிகம். அதுவும் இரவின் முன்பகுதியிலேயே பெரும்பாலும் முடிந்துவிடும். அலறலும் நடையும் அந்த வேளையில் வருவது அதனால்தான்.

பாதி விழிப்பு

மூளை முழுவதும் ஒரே நேரத்தில் விழிக்க வேண்டும் என்பது இல்லை. கை, கால்களை ஆட்டிவைக்கும் பகுதி விழித்துவிடும். யோசிக்கும் பகுதி தூங்கிக்கொண்டே இருக்கும். 2000-ம் ஆண்டில் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகர டாக்டர்கள், தூக்கத்தில் எழுந்த ஒருவரின் மூளையைப் படம் பிடித்தார்கள். பாதி விழிப்பு, பாதி தூக்கம் என்ற கலவைதான் அதில் தெரிந்தது.

கெட்ட கனவு வேறு. அது பின்னிரவில் வரும். பிள்ளை அழுதுகொண்டே கதை சொல்லும். இதுவோ, காலையில் கேட்டால் பெரும்பாலும் நினைவே இருக்காது.

தூக்கம் கெட்டாலும், காய்ச்சல் வந்தாலும், புது இடத்தில் படுத்தாலும் இது வரலாம். தாய்க்கோ தகப்பனுக்கோ சிறு வயதில் இருந்திருந்தால் பிள்ளைக்கும் வரலாம்.

உலுக்கி எழுப்ப வேண்டாம். மெதுவாகப் படுக்கைக்குத் திருப்பிவிட்டால் போதும். மாடி அறை என்றால் கதவைத் தாழிடுங்கள். வயது ஏற ஏற, அநேகமாகத் தானே நின்றுவிடும்.

கை கால் வெட்டி இழுத்தாலோ, ஒரே இரவில் பல முறை வந்தாலோ, டாக்டரிடம் காட்டவேண்டும். வலிப்பு நோயாக இருக்கலாம். தலையில் கம்பிகளை ஒட்டி, அலைகளைப் பதிவு செய்து பார்ப்பார்கள். பெர்கர் தொடங்கிவைத்த அதே சோதனைதான். வலிக்காது.