மடக்கு: பூனையும் மீனும் மீன்கொத்தியும்

திருவனந்தபுரத்தின் ஸ்ரீவராகத்தில் வராகர் கோயிலை ஒட்டிப் பெரியதொரு குளம் உள்ளது. கணினி விளையாட்டு ஒன்றுக்கு அதையே களமாகக் கொள்ளலாம். கரையைச் சுற்றிப் பூனை நடக்கிறது. நீரில் மீன் நீந்துகிறது. மேலிருந்து மீன்கொத்தி பாய்கிறது. இம்மூன்றையும் இயக்க ‘ஸ்கிராட்ச்’ என்னும் மென்பொருள் போதும். அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஊடக ஆய்வகத்தில் மிட்செல் ரெஸ்னிக் தலைமையிலான குழு இதனை உருவாக்கி 2007ஆம் ஆண்டு வெளியிட்டது. இதில் கட்டளைகளைத் தட்டச்சு செய்ய வேண்டுவதில்லை. வண்ணக் கட்டைகளை இழுத்து ஒன்றன்கீழ் ஒன்றாகப் பொருத்தினால் நிரல் உருவாகும். கேரளப் பள்ளிகளில் 2018இல் தொடங்கப்பெற்ற ‘லிட்டில் கைட்ஸ்’ மன்றங்களின் பயிற்சியிலும் இதற்கு இடமுண்டு.

குளக்கரையைச் சதுரமென்று கொண்டால், பூனை 200 அலகு நகர்ந்து 90 பாகை திரும்ப வேண்டும். இவ்விரு கட்டளைகளையும் நான்கு முறை அடுக்கினால் எட்டுக் கட்டைகள் ஆகும். ‘4 முறை திரும்பச் செய்’ என்னும் கட்டையின் வாய்க்குள் இரண்டையும் வைத்துவிட்டால் மூன்றே போதும். இவ்வாறு திரும்பத் திரும்ப நிகழும் செயலுக்கு மடக்கு என்று பெயர். கோலத்தில் ஒரே சிறு வடிவம் மீண்டும் மீண்டும் வந்து பெருங்கோலம் ஆவதும் இதைப் போன்றதே. சென்னை கிறித்தவக் கல்லூரிப் பேராசிரியர் கிஃப்ட் சிரோமணியும் அவருடன் ஆய்ந்தவர்களும் 1970களிலேயே கோலங்களுக்குக் கணினியியல் நோக்கில் இலக்கணம் வகுத்தனர்.

எனினும் இப்பூனை நடக்காது. மூலைக்கு மூலை தாவும். 200 அலகை ஒரே நொடிப்பில் கடந்துவிடுவதே காரணம். எனவே ‘10 அலகு நகர்’ என்பதை 20 முறை செய்யும் சிறு மடக்கை, பெரிய மடக்கின் உள்ளே வைத்தல் வேண்டும். அப்போது பூனை 80 சிற்றடிகளில் குளத்தைச் சுற்றி வரும்.

மீனுக்கு எண்ணிக்கை இல்லை. ஆட்டம் முடியும்வரை அது நீந்த வேண்டும். இதற்கு ‘எப்போதும்’ என்னும் மடக்கு உதவும். இக்கட்டையின் அடிப்பகுதி மற்றவை போலன்றி மட்டமாக இருக்கும். அதன்கீழ் வேறெதையும் பொருத்த இயலாது. முடிவில்லாத செயலுக்குப் பின் அடுத்த செயல் ஏது? தொடக்கநிலை மாணவர் பலர் ‘விளிம்பைத் தொட்டால் திரும்பு’ என்பதை இம்மடக்கிற்கு மேலே வைத்துவிடுவர். கணினி அதனைத் தொடக்கத்தில் ஒருமுறை மட்டும் சரிபார்த்துவிட்டு நகர்ந்துவிடும். மீன் திரையின் ஓரத்தில் போய் முட்டி நிற்கும். மடக்கின் உள்ளே இருந்தால்தான் அது ஒவ்வொரு சுற்றிலும் சரிபார்க்கப்படும்.

மீன்கொத்திக்கு ஏற்றது ‘வரை’ மடக்கு. அதன் உயரம் 150இல் தொடங்கி, −150ஐ விடக் குறையும் வரை, ஒவ்வொரு சுற்றிலும் 10 குறைக்கப்படுகிறது. எத்தனை சுற்று? 30 என்று தோன்றும். ஆனால் 30ஆம் சுற்றின் முடிவில் உயரம் சரியாக −150, அதனினும் குறைந்ததன்று. ஆகவே 31ஆம் சுற்றும் நிகழும். குறைப்பதற்கு மாறாகத் தவறிக் கூட்டிவிட்டாலோ பறவை திரையின் உச்சியில் ஒட்டிக்கொள்ளும். மடக்கு முடியவே முடியாது.

ஆட்டத்தின் நேர்மையைக் கெடுக்கும் பிழை மதிப்பெண்ணில் உள்ளது. ‘எப்போதும்’ மடக்கினுள் ‘மீனைத் தொட்டால் மதிப்பெண்ணில் 1 கூட்டு’ என்று மட்டும் இருந்தால், மடக்கு நொடிக்கு ஏறத்தாழ 30 முறை சுழல்வதால், அரை நொடித் தொடுகைக்கு 15 மதிப்பெண் சேர்ந்துவிடும். திறமையாக ஆடியவரும் தற்செயலாக உரசியவரும் வேறுபாடின்றிப் போவர். மதிப்பெண்ணைக் கூட்டிய கையோடு மீனைப் பறவைக்கு எட்டாத வேறோர் இடத்திற்கு அனுப்பிவிட்டால், அடுத்த சுற்றில் தொடுகை இராது. மதிப்பெண் ஒன்று மட்டுமே ஏறும்.