உங்களுக்குத் தெரியுமா? விழாமல் இருக்க ஒரு வகுப்பு

கீழே விழுந்து அடிபட்டதால் உலகில் ஆண்டுக்குச் சுமார் 6,84,000 பேர் இறக்கிறார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. விபத்து மரணங்களில் சாலை விபத்துக்கு அடுத்த இடம் இதற்குத்தான். 65 வயதைத் தாண்டியவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் வருஷத்துக்கு ஒரு தடவையாவது விழுகிறார். ‘வயசாயிட்டா அப்படித்தான்’ என்று வீட்டில் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். உலகின் பல ஊர்களில் பெரியவர்கள் அந்தப் பேச்சைப் பொய்யாக்கிக் கொண்டிருக்கிறார்கள்.

80 வயதில் கணுக்காலில் எடை

நியூசிலாந்தின் தெற்குத் தீவில் டனீடின் என்றொரு நகரம். அங்குள்ள ஒடாகோ பல்கலைக்கழகத்தில் ஜான் கேம்ப்பெல், கிளேர் ராபர்ட்சன் குழுவினர் நடத்திய ஆய்வு 1997-ல் வெளியானது. 80 வயதும் அதற்கு மேலும் ஆன 233 பெண்களை எடுத்துக்கொண்டார்கள். பாதிப் பேருக்கு பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே போய்ப் பயிற்சி சொல்லிக் கொடுத்தார். மீதிப் பேருக்கு வழக்கமான கவனிப்புதான். ஆனால் அவர்களோடும் உட்கார்ந்து பேசிவர ஆள் போனது. ஒரு வருஷம் கழித்துக் கணக்கெடுத்தபோது, பயிற்சி இல்லாதவர்கள் மொத்தம் 152 தடவை விழுந்திருந்தார்கள். பயிற்சி செய்தவர்கள் 88 தடவை.

என்ன பயிற்சி? கணுக்காலில் எடைப் பட்டையைக் கட்டிக்கொண்டு, நாற்காலியில் உட்கார்ந்தபடி முழங்காலை நீட்ட வேண்டும். எழுந்து நின்று காலைப் பின்பக்கம் மடக்க வேண்டும், பக்கவாட்டில் தூக்க வேண்டும். குதிகாலைத் தூக்கி முன்பாதத்தில் நிற்க வேண்டும். பிறகு முன்பாதத்தைத் தூக்கிக் குதிகாலில் நிற்க வேண்டும். அதன்பின் பேலன்ஸ் பயிற்சிகள்: பின்பக்கமாக நடப்பது, எட்டுப் போட்டு நடப்பது, ஒரு பாதத்தின் விரலை ஒட்டி மறு பாதத்தின் குதிகாலை வைத்து அடிமேல் அடி நடப்பது. வாரத்துக்கு மூன்று நாள், அரை மணி நேரம். ஆரம்பத்தில் மேஜையையோ சமையல் மேடையையோ பிடித்துக்கொள்ளலாம். கால் தேறத் தேறக் கையை விட வேண்டும். கையை விடும் அந்தக் கட்டத்தில்தான் உடம்பு நிஜமாகப் பழகுகிறது.

‘ஒடாகோ பயிற்சி’ என்று இன்று பல நாடுகளில் வழங்குவது இதுதான். நான்கு ஆய்வுகளில் கலந்துகொண்ட 1,016 பேரின் கணக்கைச் சேர்த்துப் பார்த்தபோது, விழுவது 35 சதவீதம் குறைந்திருந்தது. அதிகம் பலன் கண்டவர்கள் 80 வயதைத் தாண்டியவர்கள். ‘இனிமேல் என்ன இருக்கு’ என்று நாம் விட்டுவிடும் வயது அது.

அரசாங்கம் ஏன் இதற்குப் பணம் தருகிறது?

1974 முதல் நியூசிலாந்தில் ஓர் ஏற்பாடு. விபத்தில் யாருக்குக் காயம்பட்டாலும், யார் மீது தப்பு என்று கேட்காமல் சிகிச்சைச் செலவை விபத்து இழப்பீட்டுக் கழகம் ஏற்கும். வீட்டுக்குள் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தாலும் அந்தக் கழகத்தின் பொறுப்புதான். ஆகவே, விழாமல் பார்த்துக்கொள்வதற்குச் செலவழிக்கவும் அதற்குக் காரணம் இருக்கிறது. ஊர்ப் பொதுக்கூடங்களில் நடக்கும் கால்வலு, பேலன்ஸ் வகுப்புகள் தரமானவைதானா என்று பார்த்து அங்கீகாரம் தருவதும் கழகத்தின் இந்த வேலையில் சேர்ந்ததே.

வாக்கிங் மட்டும் போதுமா?

போதாது. நம் ஊரில் பெரியவர்களுக்கு எல்லாரும் சொல்லும் ஒரே உடற்பயிற்சி ‘வாக்கிங்’ என்பதால் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. 25 நாடுகளில் 23,407 பேரிடம் நடந்த 108 ஆய்வுகளை, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்துப் பார்க்கும் ‘காக்ரேன்’ குழுவினர் 2019-ல் அலசினார்கள். உடற்பயிற்சியால் விழுவது பொதுவாக 23 சதவீதம் குறைகிறது. பேலன்ஸ் பயிற்சியோடு தசை வலுப் பயிற்சியும் சேர்ந்தால் ஏறக்குறைய 34 சதவீதம். வெறும் நடைப்பயிற்சி விழுவதைத் தடுக்கும் என்பதற்குத் திடமான ஆதாரம் கிடைக்கவில்லை.

இன்னொரு படி மேலே போய், 1997-ல் பிரிட்டனில் ஓர் ஆய்வு. கை முறிந்து தேறிய பெண்களை வேகநடைக்கு அனுப்பிப் பார்த்ததில், அவர்கள் மற்றவர்களைவிட அதிகமாக விழுந்தார்கள். கால் தடுமாறும்போது சட்டென்று எட்டு வைத்துத் தாங்கிக்கொள்ளும் திறனை நேராக நடப்பது அவ்வளவாக வளர்ப்பதில்லை. மேடுபள்ளத்தில் போகும் நேரமும் கூடிவிடுகிறது. இதயத்துக்கும் சர்க்கரைக்கும் வாக்கிங் நல்லதுதான், அதை விட வேண்டாம். ஏற்கெனவே விழுந்தவர்கள் முதலில் பேலன்ஸைச் சரிசெய்துகொள்வது நல்லது.

90 வயதில் தசை வளருமா?

வளரும். 1990-ல் பாஸ்டனில் ஒரு முதியோர் இல்லத்தில், சராசரியாக 90 வயதானவர்களுக்கு மரியா ஃபியட்டரோன் என்ற மருத்துவர் எட்டு வாரம் எடைப்பயிற்சி கொடுத்தார். தொடைத் தசையின் வலு சராசரியாக 174 சதவீதம் கூடியது. இரண்டு பேர் கைத்தடியை ஓரமாக வைத்துவிட்டார்கள்.

கோச்சி நகரத்தின் நூறு வயதுப் பயிற்சி

கேரளத்துக் கொச்சி இல்லை, ஜப்பானின் ஷிகோகு தீவில் இருக்கும் கோச்சி. 2002-ல் அந்த நகராட்சி ‘இக்கிஇக்கி ஹியாக்குசாய் தைசோ’ என்று ஒரு பயிற்சியைத் தொடங்கியது. நூறு வயதிலும் துடிப்போடு இருக்க ஒரு உடற்பயிற்சி என்பது பெயரின் பொருள்.

கருவி மிக எளிமையானது. மணிக்கட்டிலோ கணுக்காலிலோ சுற்றி ஒட்டிக்கொள்ளும் துணிப்பட்டை. அதில் வரிசையாகச் சின்னச் சின்னப் பைகள். ஒவ்வொரு பையிலும் சுமார் 200 கிராம் எடையுள்ள ஒரு குச்சியைச் செருகலாம். ஒன்றுமே செருகாமல் ஆரம்பித்து, ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டே 2.2 கிலோ வரை போகலாம். பக்கத்து நாற்காலிக்காரர் ஆறு குச்சி வைத்திருக்கிறாரே என்று வெட்கப்பட வேண்டியதில்லை. அவரவர் காலுக்கு அவரவர் எடை.

திரையில் ஓடும் வீடியோவைப் பார்த்தபடி எல்லாரும் சேர்ந்து வாய்விட்டு எண்ணுகிறார்கள். நான்கு எண்ணுவதற்குள் கையை மெதுவாக உயர்த்தி, அதே நிதானத்தோடு இறக்க வேண்டும். நாற்காலியிலிருந்து எழுவதும் உட்காருவதும் அந்த நிதானத்தில்தான். வாய்விட்டு எண்ணினால் மூச்சை அடக்க முடியாது. எடை தூக்கும்போது மூச்சை அடக்கினால் ரத்த அழுத்தம் ஏறும் என்பதால் இது பெரியவர்களுக்கு ஒரு பாதுகாப்பு.

எனக்கு இதில் மிகப் பிடித்தது வேறொன்று. வகுப்பை நடத்துவது நகராட்சி ஊழியர்கள் இல்லை, அந்தந்தத் தெருக்காரர்கள். ஆரம்பத்தில் சில தடவை பயிற்சியாளர் வந்து கற்றுக் கொடுப்பார், எடைப் பட்டைகள் கிடைக்கும், வீடியோ கிடைக்கும். அதன்பின் ஊர்ப் பொதுக்கூடத்தைத் திறப்பது, நாற்காலி போடுவது, வராதவரை விசாரிப்பது எல்லாம் அங்கத்தினர்களே. வாரம் ஒரு நாளோ இரண்டு நாளோ கூடுகிறார்கள். ஒரு நகராட்சியின் திட்டமாகத் தொடங்கியது, ஜப்பானின் மற்ற ஊர்களுக்கும் இப்படித்தான் பரவியது. பிற்பாடு, சாப்பாட்டை நன்றாக மென்று புரையேறாமல் விழுங்குவதற்கென்று வாய்ப்பயிற்சி ஒன்றையும் கோச்சிக்காரர்கள் சேர்த்துக்கொண்டார்கள்.

பேச்சுக் கொடுத்தால் நின்றுவிடுகிறாரா?

ஸ்வீடனில் 1997-ல் செய்த மிகச் சிறிய சோதனை இது. முதியோர் இல்லத்தில் இருந்த 58 பேரோடு நடந்துகொண்டே பேச்சுக் கொடுத்தார்கள். 12 பேர் பதில் சொல்வதற்காக நடையை நிறுத்தினார்கள். அடுத்த ஆறு மாதத்தில் அந்த 12 பேரில் 10 பேர் விழுந்தார்கள். நடப்பதற்கே கவனம் முழுவதும் தேவைப்படுகிறது என்றால், வேறொன்றைக் கவனிக்கும் நொடியில் கால் இடறுகிறது. உங்கள் வீட்டுப் பெரியவரோடு நடக்கும்போது இதைக் கவனித்துப் பாருங்கள்.

ஜெனீவாவில் இதற்கு இசையில் ஒரு வழி கண்டார்கள். எமில் ஜாக்-டால்குரோஸ் என்ற இசை ஆசிரியர் நூறாண்டுகளுக்கு முன் மாணவர்களுக்காக உருவாக்கிய முறை அது. பியானோ வாசிப்பவர் தாளத்தை மாற்றிக்கொண்டே இருப்பார். கேட்பவர்கள் அதற்கேற்ப நடையை மாற்ற வேண்டும், நிற்க வேண்டும், திரும்ப வேண்டும். காது ஒரு வேலை, கால் ஒரு வேலை. வாரம் ஒரே ஒரு வகுப்பு. 134 முதியவர்களிடம் ஆறு மாதம் நடத்திப் பார்த்ததில், விழுவது பாதிக்கு மேல் குறைந்தது என்று 2011-ல் எழுதினார்கள்.

தாய்ச்சி

அமெரிக்காவின் ஒரேகான் மாநிலத்தில் ஃபூஜோங் லீ என்ற ஆய்வாளர், சீனத்துத் தாய்ச்சிக் கலையிலிருந்து எட்டு அசைவுகளை மட்டும் எடுத்துப் பேலன்ஸுக்கென்று ஒரு வகுப்பு அமைத்தார். 70 வயது தாண்டிய 670 பேர், வாரம் இரண்டு வகுப்பு, ஆறு மாதம். வெறுமனே உடம்பை நீட்டி வளைத்தவர்களைவிட இவர்கள் விழுவது 58 சதவீதம் குறைவு. உடல் எடையை ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மிக மெதுவாக மாற்றுவதுதான் அதன் சூட்சுமம்.

விழுந்த பிறகு எழுவதற்கும் பாடம் உண்டு

விழுந்ததும் அடி பலமில்லை, ஆனால் எழ முடியவில்லை. வீட்டில் யாரும் இல்லை. தரையிலேயே மணிக்கணக்கில் கிடந்தால் தோலில் புண், உடலில் நீர் வற்றுதல், தசைச் சிதைவு என்று ஒவ்வொன்றாக வரும். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் 90 வயது கடந்தவர்களைப் பின்தொடர்ந்து பார்த்தபோது, அவசரத்துக்கு அழைக்கும் பொத்தான் கையருகே இருந்தும், தனியாக விழுந்தவர்களில் பெரும்பாலோர் அதை அழுத்தவில்லை.

அதனால் பிரிட்டனில் டான் ஸ்கெல்டன் குழுவினர் உருவாக்கிய வகுப்பில் தரையிலிருந்து எழுவதும் பாடத்தில் ஒன்று. முதலில் அசையாமல் கிடந்து எங்கே வலிக்கிறது என்று பார்க்க வேண்டும். பலத்த வலி இல்லையென்றால் பக்கவாட்டில் புரள வேண்டும். முழங்கையை ஊன்றி, பின் இரண்டு கை, இரண்டு முழங்காலில் நின்று, உறுதியான நாற்காலி வரை தவழ வேண்டும். இருக்கையில் கைகளை ஊன்றி, வலுவான காலின் பாதத்தை முன்னால் வைத்து எழும்பி, மெதுவாகத் திரும்பி உட்கார வேண்டும். சொல்ல எளிது, பதற்றத்தில் நினைவுக்கு வராது. அதனால்தான் துணைக்கு ஆள் இருக்கும்போதே திரும்பத் திரும்பப் பழக்குகிறார்கள்.

தனியாக நேரம் ஒதுக்க முடியவில்லையா?

சிட்னியில் லிண்டி கிளெம்சன் குழுவினர் அதற்கும் வழி பார்த்தார்கள். பல் தேய்க்கும்போது ஒரு காலில் நிற்பது, கீழ்த்தட்டுச் சாமானை எடுக்க இடுப்பை வளைக்காமல் முழங்காலை மடக்குவது, கூடத்திலிருந்து சமையலறைக்கு அடிமேல் அடி வைத்துப் போவது. வீட்டு வேலைக்குள்ளேயே பயிற்சி. 2012-ல் வெளியான ஆய்வில் விழுவது 31 சதவீதம் குறைந்திருந்தது. கைக்கெட்டும் தூரத்தில் பிடிமானம் இருக்க வேண்டும் என்பது கட்டாயம்.

பயமும் ஒரு காரணம்

ஒரு தடவை விழுந்தவர் அடுத்த தடவைக்குப் பயந்து நடமாட்டத்தைக் குறைக்கிறார். நடமாட்டம் குறைந்தால் கால் தளர்கிறது, தளர்ந்த கால் மறுபடி விழவைக்கிறது. ‘எங்கேயும் போகாதீங்கப்பா, உட்காருங்க’ என்று பாசத்தில் நாமும் அதற்குத் துணைபோகிறோம். இந்தப் பயத்தைப் பேசித் தீர்க்கவே பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் எட்டு அமர்வுகள் கொண்ட ஒரு வகுப்பை உருவாக்கினார்கள். மெய்ன் மாநிலத்தில் அதைப் பயிற்சி பெற்ற தன்னார்வலர்களே நடத்தும்படி மாற்றினார்கள். அவர்களிலும் பலர் முதியவர்கள்.

மாத்திரையையும் பாருங்கள்

டனீடின் குழுவினரே 1999-ல் இன்னொன்றைக் காட்டினார்கள். தூக்க மாத்திரை போன்றவற்றைப் படிப்படியாக விட்ட முதியவர்கள் விழுவது 66 சதவீதம் குறைந்தது. தானாக நிறுத்துவது ஆபத்து; டாக்டரிடம் கேட்டுத்தான் குறைக்க வேண்டும். வைட்டமின் டி-யை வருஷத்துக்கு ஒரே தடவையாக ஐந்து லட்சம் யூனிட் கொடுத்த ஆஸ்திரேலிய ஆய்விலோ, பெண்கள் விழுவது கூடியது.

வீட்டிலேயே ஒரு சோதனை

கைப்பிடி இல்லாத நாற்காலியைச் சுவரோடு சேர்த்துப் போடுங்கள். பெரியவர் கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, 30 வினாடியில் எத்தனை தடவை முழுதாக எழுந்து உட்காருகிறார் என்று எண்ணுங்கள். நீங்கள் பக்கத்திலேயே நில்லுங்கள். அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையத்தின் அட்டவணைப்படி, 65 முதல் 69 வயதில் ஆண் 12, பெண் 11 தடவைக்குக் குறையக் கூடாது. 80 முதல் 84 வரை ஆணுக்கு 10, பெண்ணுக்கு 9. அதற்குக் குறைந்தாலோ, கையை ஊன்றாமல் எழ முடியாவிட்டாலோ, பிசியோதெரபிஸ்ட் ஒருவரிடம் அழைத்துப் போய்ப் பயிற்சியைத் தொடங்குங்கள். பேலன்ஸைச் சோதிக்கும் பயிற்சியை வாரத்துக்கு மூன்று மணி நேரமாவது செய்தவர்களிடம்தான் பலன் கூடுதலாகத் தெரிந்திருக்கிறது. பயிற்சியை நிறுத்தினால் பலனும் மெல்ல மெல்லப் போய்விடும். எனவே பக்கத்து வீட்டுப் பெரியவர் இரண்டு பேரையும் சேர்த்துக்கொண்டு தொடங்குவது நல்லது.