போபோ என்றொரு பையன்

ஆடுகளத்தில் அவள் – 9

போன வாரம் இங்கிலாந்தின் பிரஸ்டன் நகரத்து ஆலைப் பெண்களோடு நின்றிருந்தோம். 1920 டிசம்பர் 26ஆம் திகதி லிவர்பூலில் அவர்கள் ஆடியதைப் பார்க்க 53,000 பேர் திரண்டதையும், மறு வருடமே உதைபந்தாட்டம் பெண்களுக்கு ஆகாது என்று அந்நாட்டு உதைபந்தாட்டச் சங்கம் மைதானக் கதவைச் சாத்தியதையும் சொன்னேன். இந்த வாரம் மணிப்பூர். அதற்கு முன் எங்கள் வத்தேகமப் பக்கம் கொஞ்சம் நின்றுவிட்டுப் போவோம்.

சென்ற சனிக்கிழமை பன்வில பக்கமாகப் போனவன், பஸ்ஸைத் தவறவிட்டு, ஒரு தோட்டத்து மைதானத்தில் பிள்ளைகள் பந்தடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மைதானம் என்று சொன்னாலும் பாதி சரிவு. யார் எந்தப் பக்கம் அடித்தாலும் பந்து கடைசியில் தேயிலைக்குள்தான் போய் விழும். பத்துப் பன்னிரண்டு பையன்கள், அவர்களுக்கு நடுவே ஒரே ஒரு பெண்பிள்ளை. மழை விட்ட நேரம். கணுக்காலில் ஏறிய அட்டையைப் பிய்த்தெறிந்துவிட்டு, ரத்தம் வழிய வழியவே திரும்ப ஓடினாள். பையன்கள் அவளையும் ‘டேய்’ என்றுதான் கூப்பிட்டார்கள்.

அந்த ‘டேய்’ கேட்டதும் எனக்கு இந்திய உதைபந்தாட்டக்காரி ஒயினம் பெம்பெம் தேவியின் நினைவு வந்தது.

1980 ஏப்ரல் 4ஆம் திகதி மணிப்பூரின் இம்பாலில் பிறந்தவர். பெண்கள் மட்டுமே கடை போடுகிற இமா கெய்த்தல் சந்தை அந்த ஊரில்தான் இருக்கிறது. அப்படிப்பட்ட ஊரிலும் ஒரு சிறுமி பந்தடிக்க வேண்டுமென்றால் பையன்களோடுதான் ஆட வேண்டியிருந்தது. அதற்காக அவர் பெயரை மாற்றிச் சொன்னார். ஒரு இடத்தில் போபோ, இன்னொரு இடத்தில் அம்கோ. மகள் படித்தால் போதும் என்பது அப்பாவின் எண்ணம். 1991இல் பதின்மூன்று வயதுக்குட்பட்ட மணிப்பூர் அணியில் இடம் கிடைத்தபோது போபோவுக்கு வேலை முடிந்துவிட்டது. 1995இல், பதினைந்தே வயதில், குவாமுக்கு எதிராக இந்திய உடுப்போடு இறங்கினார்.

நடுக்களத்து ஆட்டக்காரி. கோல் போடுகிறவரின் படம் பேப்பரில் வரும். பந்தை யாரிடம், எப்போது கொடுப்பது என்று தீர்மானிக்கிறவரைப் படம் பிடிக்க ஆள் இருக்காது. ‘இந்திய உதைபந்தாட்டத்தின் துர்க்கை’ என்று பின்னாளில் பட்டம் கொடுத்தார்கள். எனக்கு அந்தப் பட்டம் பிடிப்பதில்லை. பட்டம் கொடுக்கக் காசு செலவில்லை, ஒரு ஆட்டம் நடத்தத்தான் காசு வேண்டும். அதை யாரும் நடத்தவில்லை. பதினெட்டு மாதங்களுக்கு மேல் ஒரு போட்டியும் ஆடாததால் 2009இல் இந்திய மகளிர் அணியின் பெயரையே பீபா தரவரிசையிலிருந்து எடுத்துவிட்டது. பெம்பெமுக்கு அப்போது 29 வயது. உதைபந்தாட்டத்தில் அது காத்திருக்கிற வயதில்லை.

அவர் காத்திருந்தார். மணிப்பூர் பொலிஸில் உத்தியோகம் இருந்தது. பசியில்லாமல் பயிற்சி செய்ய அது போதும். நம் நாட்டிலும் தரைப்படை, கடற்படை, விமானப்படை அணிகளில்தானே பெண்கள் ஆடுகிறார்கள்? மாதச் சம்பளம் வருகிற இடத்தில்தான் இந்தப் பெண்களின் ஆட்டம் உயிர் பிழைத்திருக்கிறது.

2010இல் கதை திரும்பியது. டாக்காவில் தெற்காசிய விளையாட்டு விழா. மகளிர் உதைபந்தாட்டத்தை அந்த விழாவில் சேர்த்ததே அதுதான் முதல் தடவை. பெம்பெம் தலைமையில் இந்தியாவுக்குத் தங்கம். அதே வருடம் டிசம்பரில் கொக்ஸ் பஜாரில் முதலாவது தெற்காசிய மகளிர் சம்பியன்ஷிப், அதிலும் வெற்றி. இரண்டு இறுதியாட்டத்திலும் தோற்றது நேபாளம்.

மூன்றாவது வெற்றி நம் கொழும்பில். 2012 செப்டெம்பர் 16, இறுதியாட்டம், மறுபடியும் நேபாளம், 3–1. கண்டியில் ரயில் ஏறினால் மூன்று மணித்தியாலத்தில் போயிருக்கலாம். நான் போகவில்லை. இரண்டு நாளில் இருபது ஓவர் உலகக் கிண்ணம் தொடங்க இருந்தது, பல்லேகலையிலும் ஆட்டங்கள். வத்தேகமவில் அந்த வாரம் வேறு பேச்சே கிடையாது, நானும் டிக்கெட்டுக்கு அலைந்துகொண்டிருந்தேன். ஒரு தலைவி கிண்ணத்தைத் தூக்கிய செய்தியை எந்தப் பக்கத்தில், எத்தனை வரியில் படித்தேன் என்பதுகூட ஞாபகத்தில் இல்லை.

2014இல் மாலைதீவின் நியூ ரேடியண்ட் கழகத்துக்கு ஆடப் போனார். 2016 பெப்ரவரியில் ஷில்லோங்கில் இன்னொரு தெற்காசியத் தங்கம், அதோடு இந்திய அணியிலிருந்து விடை. மறு வருடம் இந்திய மகளிர் லீக்கின் முதல் கிண்ணத்தை ஈஸ்டர்ன் ஸ்போர்ட்டிங் யூனியன் வென்றபோது அதன் மேலாளரும் அவரே. அர்ஜுனா விருது 2017இல், பத்மஸ்ரீ 2020இல். அவருக்கு முன் அர்ஜுனா வாங்கிய பெண் உதைபந்தாட்டக்காரி சாந்தி மல்லிக் ஒருவர்தான், அது 1983. முப்பத்து நான்கு வருடம் வேறு ஒருத்தியும் கண்ணில் படவில்லையா என்று யாரைக் கேட்பது?

அந்தத் தோட்டத்துப் பிள்ளை தண்ணீர் குடிக்க ஓரமாக வந்தாள். ஸ்கூல் டீமில் ஆடுகிறாயா என்று கேட்டேன். “பொம்பளப் புள்ளைங்களுக்கு நெட்போல் மட்டுந்தான் சேர்.” போத்தலை மூடப்போனவளிடம் போபோ கதையைச் சொன்னேன். மூடியைக் கையில் வைத்தபடியே கேட்டாள்.

“அப்பறம் கண்டுபுடிச்சிட்டாங்களா சேர்?”

நான் பதில் சொல்வதற்குள் மேலேயிருந்து ஒருவன் கத்தினான், “டேய், பந்து தேயிலைக்குள்ள போயிருச்சு!” போத்தலை என் கையில் கொடுத்துவிட்டு ஓடினாள்.

(அடுத்த வாரம்: கடலூரிலிருந்து ஒரு சப்-இன்ஸ்பெக்டர்)