மீன் எலும்பும் பொற்காலணியும்

நம் பிள்ளைகளுக்கு விக்கிரமாதித்தன் கதை தெரிகிறதோ இல்லையோ, சிண்டரெல்லா கதை தெரியாமல் இருக்காது. டிஸ்னி நிறுவனம் 1950-இல் எடுத்த படம் வீட்டுக்கு வீடு வந்துவிட்டது. கண்ணாடிச் செருப்பு, பூசணிக்காய் வண்டி என்றதும் இது ஐரோப்பியக் கதை என்றே நினைத்துக்கொள்கிறோம். அவை வரும் கதையைப் பிரெஞ்சு எழுத்தாளர் ஷார்ல் பெரோ வெளியிட்டது 1697-இல். அதற்குச் சுமார் எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே சீனாவில் இதே கதை ஏட்டில் ஏறிவிட்டது என்று படித்தபோது எனக்கு வியப்பாக இருந்தது.

எழுதிவைத்தவர் துவான் செங்ஷி. தாங் மரபினர் ஆண்ட காலத்தில் அமைச்சர் ஒருவரின் மகனாகப் பிறந்து, தாமும் அரசு அதிகாரியாக இருந்து, 863-இல் மறைந்தவர். விநோதமான செய்தி எது காதில் விழுந்தாலும் குறித்துக்கொள்வார். அப்படிச் சேர்ந்ததுதான் 'யோயாங் சாசூ' என்ற தொகுப்பு.

அதில் வரும் பெண்ணின் பெயர் யே ஷியன். மலைக் குடியிருப்பு ஒன்றின் தலைவருடைய மகள். அத்தகைய குடியிருப்புக்கு 'துங்' என்று பெயர். அந்தச் சொல்லுக்குக் குகை என்ற பொருளும் உண்டு. அதனால் மொழிபெயர்ப்புகளில் பாவம், அவர் குகைத் தலைவராகிவிட்டார்! தாயும் தந்தையும் இறந்தபின், மாற்றாந்தாய் இவளை ஆபத்தான மலைக்கு விறகு பொறுக்கவும் ஆழமான இடத்தில் நீர் மொள்ளவும் அனுப்புகிறாள். ஒருநாள் சிவந்த துடுப்பும் பொன்னிறக் கண்ணும் கொண்ட சின்னஞ்சிறு மீன் ஒன்று கிடைக்கிறது. தன் சோற்றில் மிச்சம் பிடித்துப் போட்டு வளர்க்கிறாள். அது பெரிதாகி, குளத்தில் அவள் வந்தால் மட்டும் கரையில் தலைசாய்த்துக் கிடக்கும்.

மாற்றாந்தாய் என்ன செய்தாள் தெரியுமா? பெண்ணுக்குப் புதுச் சட்டை கொடுத்துத் தொலைவிலுள்ள ஊற்றுக்கு அனுப்பிவிட்டு, அவளுடைய பழைய சட்டையைத் தான் போட்டுக்கொண்டு மீனை அழைத்தாள். தலை நீட்டிய மீனை வெட்டிச் சமைத்துத் தின்றுவிட்டு, எலும்பை எருக்குழியில் புதைத்தாள்.

என் பேத்திக்கு இதைச் சொன்னபோது, "அப்போ தேவதை வரமாட்டாளா தாத்தா?" என்று கேட்டாள். வானத்திலிருந்து இறங்கி வருபவர், பரட்டைத் தலையும் முரட்டுத் துணியுமாக ஒரு மனிதர். எலும்பு இருக்கும் இடத்தைச் சொல்லி, அதை அறையில் ஒளித்துவைத்து வேண்டிக்கொள் என்கிறார். பொன், முத்து, உடை, உணவு எல்லாம் அந்த எலும்பிடமிருந்தே கிடைக்கின்றன.

திருவிழாவன்று மீன்கொத்தி இறகு போன்ற உடையும் பொற்காலணியும் அணிந்து ஒளிவாகப் போகிறாள். தங்கை அடையாளம் கண்டுகொள்ள, ஓடி வரும் அவசரத்தில் ஒரு காலணி விழுந்துவிடுகிறது. அது கைமாறி, துவோஹான் என்ற தீவு நாட்டு அரசனிடம் சேருகிறது. யார் காலுக்கும் பொருந்தாத சிறிய காலணி. சீனப் பெண்களின் காலைக் கட்டிச் சிறிதாக்கும் வழக்கத்தால் பிறந்த கதை இது என்று சொல்வோர் உண்டு. எனக்கு அது சரியாகப் படவில்லை. அந்த வழக்கம் பரவியது இந்த ஏட்டுக்குப் பிந்திய காலத்தில்தான்.

பெரோவின் கதை கல்யாணத்தோடு முடிகிறது. சகோதரிகளுக்கும் மன்னிப்பு உண்டு. இங்கே மாற்றாந்தாயும் அவள் மகளும் பறந்து வந்த கற்கள் பட்டு இறக்கிறார்கள். யே ஷியனை மணந்த அரசன் பேராசைக்காரன். ஒரே ஆண்டில் எலும்பிடம் முத்தும் மணியுமாகக் கேட்டுத் தீர்க்கிறான். மறு ஆண்டு எலும்பு வாய் திறக்கவில்லை. அதைக் கடற்கரையில் முத்துகளோடு புதைத்துவைக்கிறான். ஓரிரவு அலை கொண்டுபோய்விடுகிறது. எனக்குக் கதையில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

எழுதி முடித்ததும் துவான் ஒரு குறிப்புச் சேர்த்திருக்கிறார். இதைச் சொன்னவர் தம் வீட்டில் முன்பு வேலை பார்த்த லி ஷியுவான். யோங்ஜோ பகுதி மலைக் குடியிருப்பைச் சேர்ந்தவர். தென்னாட்டுச் செய்திகள் பலவற்றை நினைவில் வைத்திருந்தவர். யோங்ஜோ என்பது இன்றைய நான்னிங், சுவாங் மக்கள் பெருவாரியாக வாழும் குவாங்ஷியின் தலைநகர். ஆக, இது தலைநகரத்துப் பண்டிதர்கள் கட்டிய கதையன்று. ஊரைவிட்டு வந்து அதிகாரி வீட்டில் ஊழியம் செய்த ஒருவர், தம் ஊரில் கேட்டதை மறக்காமல் சொன்னது. எழுதியவர் அமைச்சர் மகனாக இருந்தும், வேலைக்காரர் பெயரையும் ஊரையும் விடாமல் எழுதிவைத்திருக்கிறார்.