கலக்கும் மெஷினும் கரண்டும்

(வானொலிப் பேச்சு)

ஜீவாமிர்தம் தயாரிக்கிறவர்களுக்கு இந்தச் சிரமம் தெரியும். 200 லிட்டர் ட்ரம்மில் தண்ணீரோடு 10 கிலோ சாணம், 10 லிட்டர் கோமியம், 2 கிலோ வெல்லம், 2 கிலோ பயறு மாவு, ஒரு கைப்பிடி வரப்பு மண். போட்ட பிறகு காலையும் மாலையும் கலக்கிவிடணும். ஒரு ட்ரம் என்றால் கம்பு போதும். நாலைந்து ட்ரம் வைத்திருந்தால் தோள்பட்டை விட்டுப்போகும். அதனால் கட்டட வேலைக்காரர்கள் சுவர்ப் பட்டி கலக்குகிற கை மெஷினை இப்போது தோட்டத்திலும் பார்க்கிறோம். சுண்ணாம்பு கலக்க, மாட்டுத் தீவனம் கலக்க என்று பல வேலைக்கு உதவுது. நல்லதுதான். ஆனால் ஈரத் தரையில், தண்ணீர் நிறைந்த ட்ரம்முக்கு மேலே, 230 வோல்ட் கரண்டைக் கையில் பிடிக்கிறோம் என்பதை ஒரு நிமிஷம்கூட மறக்கக் கூடாது.

“எங்க வீட்டில் ஃப்யூஸ் இருக்கே, ஷாக் அடித்தால் போய்விடாதா?” என்று கேட்பீர்கள். போகாது. ஃப்யூஸும் எம்.சி.பி.யும் ஒயர் சூடேறி எரியாமல் காப்பவை. ஆளைக் காப்பவை அல்ல. 16 ஆம்பியர் எம்.சி.பி. விழ வேண்டுமானால் 16 ஆம்பியருக்கு மேல் பாயணும். ஈர உடம்பில் ஷாக் அடிக்கும்போது பாய்வது பெரும்பாலும் கால் ஆம்பியருக்கும் குறைவு. அதுவே உயிரைப் போக்கப் போதும். எம்.சி.பி.க்கு அது தெரியவே தெரியாது.

ஆளைக் காப்பது ஆர்.சி.சி.பி. என்கிற பெட்டி. கடையில் சிலர் பழைய பேரில் ஈ.எல்.சி.பி. என்பார்கள். பேஸில் போகிற கரண்டும் நியூட்ரலில் திரும்புகிற கரண்டும் சமமாக இருக்கிறதா என்று இது பார்த்துக்கொண்டே இருக்கும். ஒருவர் உடம்பு வழியாகக் கொஞ்சம் தரைக்குப் போனால் கணக்கு குறையும். கண் மூடித் திறப்பதற்குள் லைனைத் துண்டித்துவிடும். 30 மில்லி ஆம்பியர் என்று எழுதியதைக் கேட்டு வாங்குங்கள். லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனை வைத்து மாட்டுங்கள். அதில் ‘டெஸ்ட்’ என்று ஒரு பட்டன் இருக்கும். மாதம் ஒருமுறை அமுக்கிப் பாருங்கள். லைன் போகாவிட்டால் பெட்டி கெட்டுவிட்டது என்று அர்த்தம். இன்னொன்று: பேஸையும் நியூட்ரலையும் இரண்டு கையாலும் தொட்டால் இந்தப் பெட்டியாலும் காப்பாற்ற முடியாது. பெட்டி இருக்கிறதே என்று துணிச்சல் வேண்டாம்.

அடுத்து, கரண்ட் எங்கிருந்து எடுக்கிறீர்கள்? மோட்டார் கொட்டகையில் ஸ்டார்ட்டரிலிருந்து ஒரு பேஸை இழுத்து, எர்த் கம்பியை நியூட்ரலாக வைத்து மெஷின் ஓட்டுகிற பழக்கம் சில இடத்தில் இருக்கு. இது எமனைக் கூப்பிடுகிற வேலை. அந்த எர்த் கம்பி எங்காவது விட்டுப்போனால் மோட்டார் உடம்பு முழுக்கக் கரண்ட் ஏறும். அடுத்து அதைத் தொடுவது உங்கள் பிள்ளையாக இருக்கலாம். ஒயர் முனையைச் சீவி, பிளக் இல்லாமல் தீக்குச்சி வைத்து ஓட்டையில் செருகுவதும் இதே ரகம்தான்.

மெஷின் மேல் சதுரத்துக்குள் சதுரம் போட்ட அடையாளம் இருந்தால் அதற்கு எர்த் ஒயர் வேண்டாம். அடையாளம் இல்லாவிட்டால் மூன்று பின் பிளக்கும் நல்ல எர்த்தும் கட்டாயம். எந்த மெஷினானாலும் உள்ளே தண்ணீர் போனால் ஆபத்துதான்.

நீள ஒயர் வேண்டுமானால் 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் வாங்குங்கள். சுருளை முழுதும் பிரித்துவிடுங்கள்; சுருட்டியபடி ஓட்டினால் சூடேறி உருகும். இணைப்பு தரையில் கிடக்க வேண்டாம், உயரத்தில் தொங்கட்டும்.

இனி வேலை செய்யும் முறை. காலில் காய்ந்த ரப்பர் செருப்பு. தோளில் துண்டு வேண்டாம். வேட்டியோ முந்தானையோ தொங்கக் கூடாது, கூந்தலை முடிந்துகொள்ளுங்கள். ட்ரம் ஆடாமல் நிற்கணும். துடுப்பை முதலில் கரைசலுக்குள் இறக்கி, இரண்டு கையாலும் பிடித்து, பிறகு மெதுவாக சுவிட்சை அழுத்துங்கள். எடுக்கும்போது நிறுத்திவிட்டு, துடுப்பு நின்ற பிறகு தூக்குங்கள். சுவிட்சைப் பூட்டி வைக்கிற பட்டனைப் பயன்படுத்த வேண்டாம். கை நழுவினால் மெஷின் நிற்காது. உள்ளே ஏதாவது சிக்கினால் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் கை வைக்கணும். மெஷின் ட்ரம்முக்குள் விழுந்துவிட்டால் கையை விட்டு எடுக்காதீர்கள். முதலில் மெயினை அணையுங்கள்.

இதை வைத்து எல்லாவற்றையும் கலக்கலாமா? கூடாது. பூச்சி மருந்து முகத்தில் தெறிக்கும். அதற்குக் கம்பும் கையுறையும்தான். கிளிஞ்சலோ சுண்ணாம்புக் கல்லோ நீற்றும்போது கொதிக்கும். ஆறிய மறுநாள் கலக்குங்கள். போர்டோ கலவையில் மயில் துத்தம் இருப்பதால் இரும்புத் துடுப்பை அரிக்கும், மருந்தும் கெடும். மரக்குச்சியே நல்லது. பெட்ரோல், தின்னர் கலந்த பெயிண்ட் பக்கம் கொண்டுபோகவே வேண்டாம். மெஷினுக்குள் பறக்கிற பொறி போதும் தீப்பிடிக்க.

பராமரிப்பும் பெரிய வேலை இல்லை. வேலை முடிந்ததும் பிளக்கைப் பிடுங்கி, துடுப்பைக் கழற்றித் தனியாகக் கழுவுங்கள். மெஷினை ஈரத் துணியால்கூடத் துடைக்காமல் காய்ந்த துணியால் துடைத்து, காற்றுத் துவாரத்தில் அடைந்த மாவு, தூசியைப் பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். துவாரம் அடைத்தால் காயில் கருகும். ஓட்டத்தில் நிறையப் பொறி பறந்தாலோ, விட்டு விட்டு ஓடினாலோ கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கும். இரண்டையும் சேர்த்தே மாற்றணும். கரைசல் கெட்டியாகி மெஷின் திணறினால் அழுத்தாதீர்கள். தண்ணீர் விட்டு இளக்குங்கள், மெஷினையும் ஆறவிடுங்கள். சாக்கில் சுருட்டி மூலையில் போட்டால் எலி ஒயரைக் கடிக்கும். ஆணியில் மாட்டி வையுங்கள். ஒவ்வொரு முறையும் ஓட்டுமுன் ஒயரைக் கையால் தடவாமல் கண்ணால் பாருங்கள், அதுவும் பிளக் மாட்டுமுன். கீறல் இருந்தால் டேப் சுற்றி ஓட்ட வேண்டாம், ஒயரையே மாற்றுங்கள்.

இத்தனைக்கும் மீறி யாருக்காவது ஷாக் அடித்தால் ஓடிப்போய்த் தொடாதீர்கள். இரண்டு பேராகப் போய்விடும். மெயினை அணையுங்கள். முடியாவிட்டால் காய்ந்த பலகை மேல் நின்று, காய்ந்த மரக்கம்பால் ஒயரைத் தள்ளுங்கள். உடனே 108க்குப் போன் செய்யச் சொல்லுங்கள். பேச்சு மூச்சு இல்லாவிட்டால் நெஞ்சின் நடுவில் இரண்டு கையும் வைத்து, நிமிஷத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்திக்கொண்டே இருங்கள். வண்டி வரும்வரை நிறுத்தாதீர்கள்.

மெஷின் வாங்கக் காசு எடுத்து வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: முதலில் ஆர்.சி.சி.பி.யை மாட்டுங்கள், அப்புறம் மெஷினை வாங்குங்கள். மெஷின் இல்லாவிட்டால் கம்பால் கலக்கிக்கொள்ளலாம். உயிர் போனால் எந்தக் கடையில் வாங்குவது?