அரிய மரபுவழி வளர்சிதை மாற்ற நோய்கள்: ஆய்வு நல்கை விண்ணப்பத்தில் எண்ணிக்கை, வடிவமைப்பு, அறம்

ஆய்வுச் சுருக்கம்

அரிய மரபுவழி வளர்சிதை மாற்ற நோய்களை ஆராய நல்கை கோரும் முன்மொழிவுகளில் பெரும்பகுதி, நோயின் கொடுமையை விளக்குவதிலேயே செலவிடப்படுகிறது. மதிப்பீட்டுக் குழுக்கள் எழுப்பும் வினா பெரும்பாலும் வேறு. இத்துணைக் குறைந்த நோயாளர்களைக் கொண்டு நம்பத்தக்க விடை கிடைக்குமா என்பதே அவ்வினா. நோயாளர் எண்ணிக்கையை மதிப்பிடுதல், சிறு எண்ணிக்கைக்கு ஏற்ற ஆய்வு வடிவமைப்பு, வரவுசெலவு, அறநெறி ஆகிய நான்கு கூறுகளையும் இந்தியச் சூழலில் வைத்து இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: அரிய நோய்கள், வளர்சிதை மாற்றம், நொதிக் குறைபாடு, ஆய்வு நல்கை, பதிவேடு, அறநெறி.

முன்னுரை

உடலில் ஒரு வேதிப்பொருளை மற்றொன்றாக மாற்றும் நொதி, மரபணுப் பிழையால் குறைவுறும்போது அல்லது செயலிழக்கும்போது, மாற்றப்படாத பொருள் தேங்குகிறது. உருவாக வேண்டிய பொருள் பற்றாக்குறையாகிறது. ஆங்கிலேய மருத்துவர் ஆர்ச்சிபால்டு கேரட் 1902இல் அல்காப்டோனூரியா பற்றிய தம் ஆய்வில் இத்தகைய கோளாறுகளின் மரபுவழித் தன்மையைச் சுட்டினார். 1908இல் ஆற்றிய சொற்பொழிவுகளில் ‘பிறவி வளர்சிதை மாற்றப் பிழைகள்’ என்னும் கருத்தாக்கத்தை அவர் விரிவாக நிறுவினார். இன்று இவ்வகையில் நூற்றுக்கணக்கான நோய்கள் அறியப்பட்டுள்ளன. ஒவ்வொன்றும் தனித்தனியே அரிது. ஒருங்கே நோக்கின் அவை குழந்தை மருத்துவத்தின் பெருஞ்சுமை.

‘அரிது’ என்பதற்கான வரையறை நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது. அமெரிக்காவில் 2 இலட்சத்திற்கும் குறைவானோரைத் தாக்கும் நோயும், ஐரோப்பிய ஒன்றியத்தில் 10,000 பேரில் ஐவருக்கு மேற்படாத நோயும் அரிய நோய்களாகக் கொள்ளப்படுகின்றன. இந்தியாவின் 2021ஆம் ஆண்டு அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கை, போதிய நோய்ப்பரவல் தரவுகள் இன்மையால், எண் அடிப்படையிலான வரையறையைத் தரவில்லை. சிகிச்சையின் தன்மையை ஒட்டி நோய்களை மூன்று தொகுதிகளாக அது பிரிக்கிறது. ஒருமுறைச் சிகிச்சையால் குணப்படுத்தக்கூடியவை முதல் தொகுதி. சிறப்பு உணவு போன்ற, ஒப்பீட்டளவில் செலவு குறைந்த நீண்டகாலச் சிகிச்சை வேண்டுபவை இரண்டாம் தொகுதி. கோஷே, பொம்பே, ஃபேப்ரி நோய்கள் போன்று மிகுசெலவுள்ள வாழ்நாள் சிகிச்சை தேவைப்படுபவை மூன்றாம் தொகுதி. நல்கை கோருவோர் தாம் ஆராயும் நோய் எத்தொகுதியில் அடங்குகிறது என்பதை முதலிலேயே குறிப்பிடுதல் நலம்; ஆய்வின் பயன் எங்கே சென்று சேரும் என்பதை அதுவே சுட்டுகிறது.

நல்கை வாயில்கள்

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், உயிரித் தொழில்நுட்பவியல் துறை, 2023ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி அமைந்த அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை ஆகியன முதன்மையான அரசு வாயில்கள். இவற்றின் நோக்கங்கள் ஒன்றல்ல. மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நோயாளர் நலனோடும் பொதுச் சுகாதாரத்தோடும் தொடர்புடைய வினாக்களை முன்வைக்கிறது. உயிரித் தொழில்நுட்பவியல் துறை 2019இல் தொடங்கிய ‘உம்மித்’ முயற்சி, மரபுவழி நோய்களைக் கண்டறியும் மையங்களையும் பயிற்சியையும் முன்னிறுத்தியது. நொதியின் அமைப்பை ஆராயும் அடிப்படை அறிவியல் திட்டமும், மாவட்ட மருத்துவமனைகளில் பச்சிளங்குழந்தைகளைப் பரிசோதிக்கும் திட்டமும் ஒரே முன்மொழிவாக எழுதப்பட்டால் இரண்டிடத்தும் பொருந்தாமல் போகும். அறிவிப்பின் சொற்களை முன்மொழிவில் மீண்டும் எழுதுவது போதாது. அறிவிப்பு எவ்வகை விடையை நாடுகிறது என்பதை உணர்ந்து வினாவை அமைத்தல் வேண்டும்.

மதிப்பீட்டு அளவைகளை அறிதலும் இன்றியமையாதது. அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனங்கள் 2025 முதல் ஆய்வின் முக்கியத்துவம், முறையின் செம்மையும் செயற்படு தன்மையும், ஆய்வாளரின் திறனும் வளங்களும் என்னும் மூன்று காரணிகளின்கீழ் விண்ணப்பங்களை மதிப்பிடுகின்றன. அரிய நோய் முன்மொழிவுகள் முதற்காரணியில் எளிதில் தேறும்; தடுமாறுவது இரண்டாவதில்.

எண்ணிக்கையை மதிப்பிடுதல்

ஆண்டுக்கு 8 இலட்சம் குழந்தைகள் பிறக்கும் ஒரு மாநிலத்தையும், 40,000 பிறப்புகளுக்கு ஒன்று என நிகழும் ஒரு நோயையும் எடுத்துக்காட்டாகக் கொள்வோம். ஆண்டுக்கு 20 குழந்தைகள் இந்நோயுடன் பிறக்கின்றன. மூன்றாண்டுத் திட்டத்தில் 60 பேர் கிடைப்பர் என்று எழுதுவது இயல்பாகத் தோன்றும். ஆயின் 20 பேரில் 12 பேருக்கே நோய் உரிய காலத்தில் உறுதிசெய்யப்படுகிறது என்றும், அவர்களுள் 8 குடும்பங்களே ஒப்புதல் அளிக்கின்றன என்றும், முதலாண்டு அறநெறிக் குழுவின் அனுமதிக்கும் பணியமர்த்தலுக்கும் கழிகிறது என்றும் கொண்டால், எஞ்சுவோர் 16 பேர் மட்டுமே. 60 என்ற எண்ணின்மேல் எழுப்பப்பட்ட புள்ளியியல் திட்டம் 16இல் நிற்காது. இப்படிநிலைகள் ஒவ்வொன்றையும் முன்மொழிவிலேயே காட்டி, எஞ்சும் எண்ணிலிருந்து திட்டத்தைத் தொடங்குபவரையே மதிப்பீட்டாளர் நம்புவர்.

முன்னரே நோய் கண்டறியப்பட்டவர்களைச் சேர்த்து எண்ணிக்கையை உயர்த்தலாம். ஆனால் அவர்கள் பிழைத்திருப்பவர்கள். கடும் வடிவ நோயுற்றோர் பலர் அதற்குள் இறந்திருக்கக்கூடும். இவ்விரு குழுவினரையும் கலந்து நோக்கின் நோய் உள்ளதைவிட மிதமானதாகத் தோன்றும். இச்சாய்வை எவ்வாறு கையாளப்போகிறோம் என்பதையும் எழுதுதல் வேண்டும்.

பிறநாட்டுப் பரவல் வீதத்தை அப்படியே எடுத்தாளுவது மற்றொரு குறை. இந்நோய்களுள் பெரும்பாலானவை ஒடுங்கு மரபுப் பண்பின. தாய், தந்தை இருவரும் பிழையுற்ற மரபணுவைத் தாங்கியிருந்தால்தான் குழந்தைக்கு நோய் வரும். மேற்கண்ட எடுத்துக்காட்டில் பிழை மரபணுவின் நிகழ்வெண் 200இல் 1. தாங்கிகள் ஏறத்தாழ 100 பேரில் ஒருவர். அத்தை மகள், மாமன் மகன் உறவில் நிகழும் திருமணத்தில் உட்கலப்புக் கெழு 16இல் 1. அந்நிலையில் நோய் வாய்ப்பு ஏறத்தாழ 3,000இல் 1 ஆக உயரும். தாய்மாமன்–அக்காள் மகள் திருமணத்தில் அக்கெழு 8இல் 1. வாய்ப்பு ஏறத்தாழ 1,550இல் 1. இவ்வுறவுத் திருமண வழக்கங்கள் நிலவும் தென்னிந்தியாவில், அவற்றின் விகிதத்தைக் கணக்கிற்கொள்ளாத எண்ணிக்கை மதிப்பீடு குறைபாடுடையதே. உள்ளூர்ப் பரவல் அறியப்படாத நோய்க்கு, பதிவேடு அமைப்பதையே முதற்கட்டத் திட்டமாகக் கோருவது பொருத்தமானது.

சிறு எண்ணிக்கைக்கான வடிவமைப்பு

சிறு எண்ணிக்கை எப்போதும் வலுவற்ற சான்றைத் தருவதில்லை. கோஷே நோய்க்கான நொதி மாற்றுச் சிகிச்சையின் பயனை நிறுவி 1991இல் வெளிவந்த ஆய்வில் பங்குகொண்டோர் 12 பேர் மட்டுமே. அவர்களின் ஹீமோகுளோபின் அளவு உயர்ந்தது. வீங்கிய மண்ணீரல் சுருங்கியது. சிகிச்சையின்றி மண்ணீரல் தானே அவ்வாறு சுருங்குவதில்லை என்பது முன்பே அறியப்பட்டிருந்ததால் 12 பேர் போதுமாயினர். நோயின் இயல்வழிப் போக்கு தெளிவாக அறியப்பட்டிருப்பின் ஒப்பீட்டுக் குழுவின் தேவை குறைகிறது. இயல்வழிப் போக்கைப் பதிவுசெய்யும் நீண்டகால நோக்காய்வு பிற்கால மருந்தாய்வுகளுக்கு அடித்தளமாதல் இதனால்தான். மதிப்பீட்டாளர் சிலர் அதனை ‘வெறும் விவரிப்பு’ எனக் கருதக்கூடும்; எதிர்காலத்தில் எந்த மருந்தாய்வுக்கு அது ஒப்பீடாக அமையும் என்பதைக் குறிப்பிட்டு எழுதுவதே அதற்கான விடை.

ஒரே நோயாளரை அவருக்கே ஒப்பீடாக்கும் குறுக்குமாற்று வடிவமைப்பு மற்றொரு வழி. இது நிலையான நோய்க்கும், நிறுத்தியபின் விளைவு நீங்கிவிடும் சிகிச்சைக்கும் மட்டுமே பொருந்தும். மீளாத் தன்மையுள்ள மரபணுச் சிகிச்சைக்குப் பொருந்தாது. பாதுகாப்பைப் பற்றிய கூற்றுகளிலும் அடக்கம் தேவை. 16 பேரில் ஒருவருக்கும் தீயவிளைவு தோன்றவில்லை எனினும், உண்மையான வீதம் 17 விழுக்காடு வரை இருக்கக்கூடும் என்பதை 95 விழுக்காட்டு நம்பக எல்லை காட்டுகிறது. ‘பாதுகாப்பானது என நிறுவப்படும்’ என்று அத்தகைய முன்மொழிவில் எழுதலாகாது.

வரவுசெலவும் காலவரையறையும்

உலர் இரத்தப் புள்ளியிலிருந்து பல நோய்களை ஒருங்கே அறிய டாண்டம் நிறை நிறமாலைமானி உதவுகிறது. கருவியின் விலை முன்மொழிவுகளில் தவறாமல் இடம்பெறும். அதன் பராமரிப்பு ஒப்பந்தம், ஓரிடத்தானிட்ட தரப்பொருள்களின் இறக்குமதிக் காலதாமதம், தடையற்ற மின்சாரம், பயிற்சி பெற்ற பணியாளரின் தொடர் ஊதியம் ஆகியன விடுபடுகின்றன. மாதிரியைக் கையாளும் முறையும் செலவோடு பிணைந்தது. யூரியாச் சுழற்சிக் கோளாறில் இரத்த அம்மோனியாவை அளக்க, மாதிரியைப் பனிக்கட்டியில் வைத்து விரைந்து ஆய்வகம் சேர்த்தல் வேண்டும். தாமதித்தால் அளவு பொய்யாக உயரும். தொலைவிலுள்ள மருத்துவமனையை ஆய்வில் சேர்ப்பவர் இதற்கான ஏற்பாட்டையும் பணத்தையும் குறிப்பிடாவிடின் அத்தரவு பயனற்றதாகும்.

குடும்பங்களின் பயணச் செலவு, இழக்கும் நாட்கூலி ஆகியவற்றிற்கு ஈடு ஒதுக்குவதும் அறிவியல் தேவையே. அஃதின்றேல் வசதியுள்ள குடும்பங்களின் தரவு மட்டுமே இறுதிவரை எஞ்சும்.

அறநெறி

ஃபீனைல்கீட்டோனூரியா நோய்க்குக் குறைந்த ஃபீனைலலனின் உணவு பயன் தருவதை ஹார்ஸ்ட் பிக்கெலும் உடனாய்வாளர்களும் பர்மிங்காமில் ஒரே குழந்தையைக் கொண்டு 1953இல் காட்டினர். உணவினால்தான் முன்னேற்றம் நிகழ்ந்தது என்பதை உறுதிசெய்ய, தாய்க்குத் தெரிவிக்காமல் ஃபீனைலலனின் மீண்டும் சேர்க்கப்பட்டது. சில மணி நேரத்திலேயே குழந்தையின் நிலை சீர்குலைந்தது. இன்று அதே வடிவமைப்பை முன்மொழிபவர் தாயின் அறிந்தளித்த ஒப்புதலையும், சீர்குலைவு தொடங்கின் ஆய்வை உடனே நிறுத்தும் விதியையும் முன்கூட்டியே எழுதியாக வேண்டும். மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு அறநெறி வழிகாட்டுதல்கள் இத்தகைய ஒப்புதலை வலியுறுத்துகின்றன. மருந்தாய்வாயின் இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிதலும், வெளிநாட்டுக் கூட்டாய்வாயின் சுகாதார அமைச்சகத் தேர்வுக் குழுவின் அனுமதியும் வேண்டப்படும்.

பெயரை நீக்குவது மட்டும் அடையாளத்தை மறைத்துவிடாது. 16 பேரே உள்ள ஆய்வில் மாவட்டம், வயது, சமூகம் ஆகிய மூன்றும் சேர்ந்தால் குடும்பம் வெளிப்பட்டுவிடும். குறிப்பிட்ட சமூகத்தோடு நோயைப் பிணைக்கும் வெளியீடு அச்சமூகப் பெண்களின் திருமண வாய்ப்பையும் தாக்கக்கூடும். எந்தத் தரவு வெளியிடப்படும், எது தொகுத்து மட்டும் காட்டப்படும் என்பதை முன்மொழிவு வரையறுத்தல் வேண்டும்.

நல்கை முடிந்தபின் எழும் நிலை இன்னும் கடினமானது. ஆய்வுக் காலத்தில் சிறப்பு உணவோ மருந்தோ பெற்று வளர்ந்த குழந்தைக்குத் திட்டத்தின் இறுதி நாளில் அது நிறுத்தப்பட்டால், ஈட்டிய பயன் இழக்கப்படும். 2021 கொள்கையின்கீழ், சீர்மிகு மையங்களில் சிகிச்சை பெறுவோர்க்கான உதவி 2022இல் 50 இலட்சம் ரூபாய் வரை உயர்த்தப்பட்டது. வாழ்நாள் நொதிச் சிகிச்சைக்கு அத்தொகை நெடுநாள் நில்லாது. எனவே ஆய்வுக்குப் பிந்தைய சிகிச்சை யாரால், எக்காலம் வரை வழங்கப்படும் என்பதற்கு உறுதிக் கடிதம் பெற்று இணைத்தல் தகும். அவ்வுறுதி கிடைக்காதபோது, சிகிச்சை வழங்கும் ஆய்வைவிட நோக்காய்வை முன்மொழிவதே நேர்மையானது.

முடிவுரை

பரவலான நோயில் ஓர் ஆய்வு பிழைபடின் வேறு நோயாளர்களைக் கொண்டு மீண்டும் செய்யலாம். அரிய நோயில் அவ்வாய்ப்பு இல்லை. வடிவமைப்புப் பிழையால் வீணாகும் ஒவ்வொரு மாதிரியும், சலிப்புற்று விலகும் ஒவ்வொரு குடும்பமும் அடுத்த ஆய்வுக்கான இழப்பாகும். ஆதலின் கிடைக்கக்கூடிய எண்ணிலிருந்து வினாவை அமைத்தல், அவ்வெண்ணுக்கேற்ற வடிவமைப்பைத் தேர்தல், மறைசெலவுகளை வெளிப்படுத்தல், ஆய்வுக்குப் பின்னான பொறுப்பை வரையறுத்தல் ஆகிய நான்கும் நல்கை பெறும் உத்திகள் மட்டுமல்ல. நல்கை கிடைத்தபின் ஆய்வு நிறைவேறுவதற்கான அடிப்படைகளும் அவையே. ஒரு மாநிலத்தில் ஒரே நோயை ஆராயும் நிறுவனங்கள் தனித்தனியே விண்ணப்பிப்பதைவிடப் பொதுப் பதிவேட்டையும் ஒரே அளவீட்டு முறையையும் கொண்டு கூட்டாக விண்ணப்பிப்பது இந்நான்கையும் எளிதாக்கும்.