வரைபடத்தில் இல்லாத நாட்டின் வார்த்தைகள்



"இங்கிலீஷே நமக்குத் தகராறு. இதில் போலிஷ் வேறயாடா?" என்று ஹாஸ்டல் நண்பன் சிரித்தான். நூலகத்தில் மேரி கியூரியின் வாழ்க்கை வரலாற்றைப் படித்ததில் பிடித்த பைத்தியம் இது!

ரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா மூன்றும் 1795-ல் போலந்தைப் பங்கு போட்டு முடித்துவிட்டன. 1918 வரை, 123 ஆண்டுகள் அந்த நாடு வரைபடத்திலேயே இல்லை. வார்சாவில் பாடமெல்லாம் ரஷ்ய மொழியில்தான். சிறுமி மரியாவின் பள்ளியில் ரகசியமாகப் போலிஷில் சொல்லித் தருவார்கள். இன்ஸ்பெக்டர் வந்தால் புத்தகங்களை ஒளித்துவிடுவார்கள். அந்த மரியாதான் 1898-ல் கணவருடன் சேர்ந்து கண்டுபிடித்த தனிமத்துக்குத் தாய்நாட்டின் நினைவாகப் 'பொலோனியம்' என்று பெயர் வைத்தார். நாம் அணு எண் 84 என்று நெட்டுருப் போடுகிறோமே, அதுதான்!

அப்படிக் காப்பாற்றிய மொழியில் சில சொற்களைப் பார்ப்போமா?

'ஜென் தோப்ரி' என்றால் 'நல்ல நாள்'. பகலில் யாரைப் பார்த்தாலும் சொல்லும் வணக்கம். 'ஜென்குயே' என்றால் நன்றி. 'ப்ரோஷே' என்ற ஒரே சொல் 'தயவுசெய்து', 'இந்தாங்க', 'பரவாயில்லீங்க' என்று மூன்று வேலை செய்யும். ரொட்டி 'ஹ்லெப்', தண்ணீர் 'வோதா', டீ 'ஹெர்பாத்தா'.

மாதப் பெயர்கள் பல மண்ணிலிருந்தே முளைத்தவை. நவம்பர் 'லிஸ்தோபாத்', அதாவது இலையுதிர்வு. ஆகஸ்ட் 'ஷெர்பியென்'. 'ஷெர்ப்' என்றால் அரிவாள். அறுவடை மாதமல்லவா!

என்னை மிகவும் யோசிக்க வைத்த சொல் 'பான்'. முன்பின் தெரியாத பெரியவர்களை அங்கே 'நீ' என்று சொல்வது மரியாதையில்லை. ஆணுக்குப் 'பான்', பெண்ணுக்குப் 'பானி'. வினைச்சொல்லும் படர்க்கையில் வரும். முகத்தைப் பார்த்தே "ஐயா டீ குடிக்கிறாரா?" என்று கேட்பது மாதிரி. ஒரு காலத்தில் 'பான்' என்றால் நிலப்பிரபு. குடியானவன் கைகட்டி நின்று சொன்ன சொல். இன்றைக்கு பஸ் டிரைவரும் பான்தான், பேராசிரியரும் பான்தான்.

இதைப் படித்த அன்று அப்பா ஞாபகம் வந்தது. ஊரில் பெரிய வீட்டுச் சின்னப் பையன்கூட அவரை "வாடா" என்பான். அப்பா "இதோ வர்றேங்க தம்பி" என்பார். எங்கள் குடும்பத்தில் பத்தாவதைத் தாண்டியது நான்தான் முதல் ஆள்.

ஒரு சொல் பிரபுவிடமிருந்து இறங்கி எல்லோருக்கும் பொதுவாக முடியும் என்றால், நம் 'நீங்க'வும் ஏன் எல்லோருக்கும் போய்ச் சேரக் கூடாது? நாளை நாமும் சூப்பர்வைசர் ஆவோம். நமக்குக் கீழே நம் அப்பா வயதில் ஒரு ஹெல்பர் நிற்பார். அவரை "வாங்க" என்று கூப்பிடுவோம் நண்பர்களே!